தம்பியின் மூன்றாவது கேஸ்

முதல் இரண்டும் திருட்டு கேஸ். ஒன்று செல்போன், இன்னொன்று காப்பர் வயர். "ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார் அப்போதைய வக்கீல். முடிந்தது. உள்ளே இருந்த நாளைக் கழித்து, அபராதம் கட்டி, கூட்டி வந்தோம். அவனுடைய கஞ்சாப் பழக்கத்தைப் பற்றி கோர்ட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நாங்களும்தான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம்.

மூன்றாவது முறை 180 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டான். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதே அப்போதுதான் தெரியும். அப்படி வந்த வக்கீலம்மா முதலில் கேட்டது, "எத்தனை வருஷமா இழுக்கிறான்?"

கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', தண்டனை ஓராண்டு வரை போகலாம். ஆனால் 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்தில் 39-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றம் உறுதியான பிறகு, அடிமையானவர் சம்மதித்தால், உடனே ஜெயிலுக்கு அனுப்பாமல் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சைக்கு விடலாம். ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கை கோர்ட்டுக்கு வர வேண்டும். விடலாம் என்றுதான் இருக்கிறது, விட வேண்டும் என்றில்லை. அதனால் நாமாகக் கேட்க வேண்டும்.

அரசு வக்கீல் பழைய இரண்டு கேஸையும் எடுத்து வைத்தார். எங்கள் வக்கீலம்மாவும் அதே இரண்டைத்தான் காட்டினார். போன் விற்ற காசு, வயர் விற்ற காசு எல்லாம் பொட்டலத்துக்குத்தான் போயிருக்கிறது, இரண்டு முறை உள்ளே போய் வந்தும் பழக்கம் விடவில்லை என்றார். கூடவே அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரின் கடிதம். மாஜிஸ்திரேட் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் தம்பியிடம் சம்மதமா என்று கேட்டார்.

ஜாமீன் கையெழுத்துக்குத்தான் அலைந்தோம். கடைசியில் மாமா வந்தார். "என் வீட்டு மோட்டாரையே கழட்டி வித்தவனுக்கு நான் ஜாமீனு" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

வார்டில் முதல் வாரம் தூக்கமே இல்லை. சோற்றுத் தட்டைப் பார்த்தாலே எரிந்து விழுந்தான். வீட்டுக்கு வந்து நான்காவது மாதம் மறுபடி ஒருநாள் இழுத்துவிட்டான். அதை டாக்டரிடம் சொல்லிவிட்டான், அவரும் எழுதிவிட்டார். அறிக்கையிலும் அது வரும் என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. இனி குற்றம் செய்ய மாட்டேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்டவனாயிற்றே. "வரட்டும், மறைச்சாத்தான் மாட்டுவோம்" என்றார் வக்கீலம்மா.

மாஜிஸ்திரேட் அந்த வரியில் நிறுத்தினார். "அதுக்கப்புறம்?"

"இல்லைங்கய்யா. டைல்ஸ் வேலைக்குப் போறேன்."

கண்டித்து, மூன்று வருட பாண்டில் விட்டார். அதற்குள் மறுபடி மாட்டினால் இந்தத் தண்டனையும் வந்து சேரும். இப்போது ஏழு மாதம் ஆகிறது. மாதா மாதம் ஓ.பி. சீட்டை நான்தான் வாங்கிப் பத்திரப்படுத்துகிறேன். மாமா இன்னும் மோட்டார் காசைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.