வை-ஓ-டாப்புவில் பிரியும் நீர்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ரோட்டோருவாவுக்குத் தெற்கே காரில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது வை-ஓ-டாப்பு. வண்டிக் கதவைத் திறந்ததுமே ஹைட்ரஜன் சல்ஃபைடின் நெடி மூக்கில் ஏறியது. வருகிறவர்கள் பெரும்பாலும் நிறங்களைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் குளங்கள் ஏன் இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கின்றன என்று பார்க்கத்தான் நான் போனேன்.

முதலில் ஷாம்பெயின் குளம். சுமார் 65 மீட்டர் அகலம், 60 மீட்டருக்கும் அதிக ஆழம். மேற்பரப்பிலேயே 74 டிகிரி செல்சியஸ் சூடு, ஆனால் கொதிப்பதில்லை. இடைவிடாமல் மேலே வரும் குமிழிகள் எல்லாம் கார்பன் டையாக்சைடு. குளத்தின் விளிம்பைச் சுற்றி அடர்ந்த ஆரஞ்சு நிறம். நீர் ஆறும்போது அதில் கரைந்திருந்த ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் கந்தகத்தோடு சேர்ந்து அங்கே படிகின்றன. அந்தப் படிவில் தங்கமும் வெள்ளியும்கூட நுண்ணிய அளவில் உண்டு. உலகில் தங்கச் சுரங்கங்கள் பலவும் இப்படிப்பட்ட பழைய வெந்நீர் ஓட்டங்கள் விட்டுப்போன படிவுகளில் தோண்டப்பட்டவை.

குளத்திலிருந்து வழியும் நீர், மணலில் பெருமளவு இருக்கும் சிலிக்கா என்ற பொருள் படிந்து உருவான தளத்தின் மேல் மெல்லிய படலமாக ஓடுகிறது. மரப்பாதையின் ஓரத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தேன். விரல் கனம்கூட இல்லாத சிலிக்கா வரப்புகள், ஒவ்வொன்றின் பின்னாலும் கொஞ்சம் தேங்கி, அடுத்ததுக்கு வழிகிற நீர். கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் நிலைமையே வேறு. சாம்பல் நிறச் சேறு கொப்புளித்துக்கொண்டிருக்கிறது, சுற்றியுள்ள பாறை களிமண்ணாக நெகிழ்ந்து கிடக்கிறது.

இந்த இரண்டும் பிரிவது நிலத்துக்கு அடியில். ஆழத்திலிருந்து மேலேறும் வெந்நீர், அழுத்தம் குறையும் இடத்தில் கொதிக்கத் தொடங்குகிறது. உப்புத் தண்ணீரைப் பானையில் கொதிக்கவைத்தால் உப்பு அடியில் தங்கிவிடுவதுபோல, குளோரைடும் சிலிக்காவும் நீரிலேயே நின்றுவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடும் கார்பன் டையாக்சைடும் ஆவியோடு போய்விடும். அந்த ஆவி மேலே ஆழமற்ற நிலத்தடி நீரில் கலக்கும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு கந்தக அமிலமாகிறது. பாறையை அரித்துச் சேறாக்குவது அந்த அமிலம்தான். ஆகவே குளோரைடு நிறைந்த ஊற்று என்றால் ஆழத்து நீரே மேலே வந்திருக்கிறது, சேற்றுக் குளம் என்றால் வந்தது ஆவி மட்டும்.

எனக்குப் பெரிய வியப்பு, ஊற்று நீரை வைத்தே அடியிலுள்ள சூட்டைச் சொல்லிவிட முடிவது. சிலிக்காவின் படிக வடிவமான குவார்ட்ஸ் நீரில் எவ்வளவு கரையும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. ஆழத்து நீரில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் சிலிக்கா இருந்தால் அங்கே ஏறக்குறைய 137 டிகிரி, 500 மில்லிகிராம் என்றால் 250 டிகிரி. நீர் வேகமாக மேலேறினால் அந்தச் சிலிக்கா வழியில் படிய நேரமிருக்காது. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதமும் இதேபோல் உதவும்: சூடு கூடக்கூடப் பொட்டாசியத்தின் பங்கு ஏறும்.

வெந்நீரில் உள்ள இந்த உப்புகள் மாக்மா எனும் உருகிய பாறைக்குழம்பிலிருந்து வருகின்றன என்றே ஒரு காலத்தில் பலரும் நினைத்திருந்தார்கள். 1960களில் எல்லிஸ், மாஹன் என்ற நியூசிலாந்து வேதியியலாளர்கள் பாறைத் துண்டுகளையும் நீரையும் அழுத்தக் கலனில் ஒன்றாகச் சூடாக்கினார்கள். குளோரைடு, போரான் போன்றவை பாறையிலிருந்தே கரைந்து வரக்கூடும் என்று அதில் தெரிந்தது.

அங்கிருந்து வைராக்கே போனோம். 1958 முதல் மின்சாரம் எடுக்கும் வெப்பக்களம் அது. நீரை உறிஞ்ச உறிஞ்ச அடியில் அழுத்தம் விழுந்தது. பக்கத்திலிருந்த கெய்சர் பள்ளத்தாக்கில் பீறிட்ட ஊற்றுகள் நின்றுபோயின, குளோரைடு நீர் மேலே எட்டவில்லை. அழுத்தம் குறைந்ததால் கொதிப்பு கூடி, அதே வெப்பக்களத்தில் உள்ள கரபிட்டி என்ற இடத்தில் ஆவி மட்டும் முன்பைவிட அதிகமாகப் புகைய ஆரம்பித்தது. வை-ஓ-டாப்புவில் அடுத்தடுத்துப் பார்த்த இரண்டில் ஒன்றான குளோரைடு ஊற்று இங்கே அடியோடு போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க முடியாமல் போனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. வை-ஓ-டாப்புவை வைகாட்டோ வட்டார நிர்வாகம் பாதுகாக்கப்பட்ட வெப்ப அமைப்பாக வகைப்படுத்தியிருப்பதால், மின் நிலையத்துக்காக அங்கே வெந்நீரை எடுக்க வழியில்லை.