பாட்டிலுக்குள் செத்துப்போன கிருமிகள்

பழைய மகாபலிபுரம் சாலையில் 180 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. கழிவுநீரை எங்கள் எஸ்.டி.பி.யிலேயே சுத்திகரித்து, ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் விடுகிறோம். இரண்டு வருடம் முன்பு சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பு என்னிடம் வந்தபோது ஒரு தடித்த ஃபைலும் கூடவே வந்தது. மாதா மாதம் வாங்கிய லேப் ரிப்போர்ட்டுகள். தண்ணீரில் மிச்சமிருக்கும் கரிம அழுக்கைக் காட்டும் பி.ஓ.டி. ஏறி இறங்கியிருந்தது, கலங்கலும் மாறியிருந்தது. மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கிருமியான மலக்கோலிஃபார்ம் மட்டும் எல்லா மாதமும் 'இல்லை'. அதுதான் என்னை உறுத்தியது. சாயங்காலம் ஸ்பிரிங்க்ளர் ஓடும்போது குழந்தைகள் அதில் நனைந்துதான் விளையாடுவார்கள். என் பேத்தியும் அந்தக் கூட்டத்தில் இருப்பாள்.

அடுத்த முறை சாம்பிள் எடுக்க வந்தபோது நானும் போய் நின்றேன். ஏப்ரல் மாத உச்சி வெயில். வந்த பையன் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தோட்டக் குழாயில் இரண்டு முறை அலசினான், கழுத்துவரை நிரப்பினான், பைக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

என் அக்கா மகள் நுண்ணுயிரியல் படித்தவள். அவளிடம் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, பாட்டில்ல தயோசல்ஃபேட் போட்டிருந்தாங்களா?"

விஷயம் இதுதான். தண்ணீரில் குளோரின் இருக்கிறது. பாட்டிலில் அடைத்த பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். லேப் போய்ச் சேர மூன்று நான்கு மணி நேரம் ஆனால், அத்தனை நேரமும் கிருமி செத்துக்கொண்டே போகும். குழாயில் வரும்போது என்ன இருந்தது என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லவே சொல்லாது. பாட்டிலுக்குள் முன்கூட்டியே துளி சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் விட்டிருந்தால், தண்ணீர் உள்ளே விழுந்த கணமே குளோரினை அது முறித்துவிடும். அதனால்தான் அந்தப் பாட்டிலை அலசவும் கூடாது.

வேறு லேப் பார்த்தோம். இந்த முறை வந்த பெண் குழாய் முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, தீயில் காட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டார். மூடியை உள்பக்கம் தொடாமல் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு பாட்டிலை நிரப்பினார், குலுக்குவதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டார், ஐஸ் பெட்டியில் வைத்தார். ஆறு மணி நேரத்துக்குள் லேபில் போட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் ரிப்போர்ட்: 100 மில்லிக்கு 1600க்கும் மேல்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்ன அளவு, 100க்குள் இருந்தால் நல்லது, 230-ஐத் தாண்டக் கூடாது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. லேபுக்கே போய்க் காட்டச் சொன்னேன். 44.5 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வரிசையாகச் சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஒரு குட்டிக் குழாய். அந்தச் சூட்டிலும் வளர்ந்து கிருமி வாயு விட்டால் குட்டிக் குழாயின் மண்டையில் குமிழி நிற்கும். எத்தனை குழாயில் குமிழி என்று எண்ணி, அட்டவணையில் பார்த்து எண்ணிக்கையை மதிப்பிடுகிறார்கள். எங்கள் தண்ணீர் ஊற்றிய 15 குழாயிலும் குமிழி நின்றது.

ஆபரேட்டர் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "மேடம், தினமும் ஹைப்போ போடுறேன். டெஸ்ட்ல மஞ்சக் கலர் வருதே" என்றார். ஹைப்போ என்பது குளோரின் திரவம். அவர் பொய் சொல்லவில்லை. குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் ஓ.டி.ஓ. சொட்டு விட்டால் நன்றாகவே மஞ்சள் வந்தது. அப்புறம் தனிக் குளோரினையும் சேர்ந்த குளோரினையும் பிரித்துக் காட்டும் டி.பி.டி. கிட் வாங்கிப் பார்த்ததில், தனிக் குளோரின் ஏறக்குறைய இல்லவே இல்லை. இருந்ததெல்லாம் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரமின். மஞ்சள் இரண்டுக்குமே வரும். ஆனால் குளோரமின் கிருமியைக் கொல்ல நிறைய நேரம் எடுக்கும். பாட்டிலில் அதற்கு மணிக்கணக்கில் அவகாசம் கிடைத்தது; தோட்டக் குழாயிலோ பத்து நிமிடம்கூட இல்லை.

அவ்வளவு அம்மோனியா எங்கிருந்து? கரன்ட் பில்லைக் குறைக்க, கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ப்ளோயரை இரவில் நிறுத்தச் சொன்னது எங்கள் சங்கம்தான். காற்று போதாவிட்டால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா படுத்துவிடும். மிச்சமிருக்கும் அம்மோனியாவைக் குளோரினாலேயே தீர்க்கலாம் என்றால், ஒரு பங்குக்கு எட்டிலிருந்து பத்துப் பங்கு குளோரின் வேண்டும். அது கட்டுப்படியாகாது.

கூட்டத்தில் பில்லைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். குழாய்களை நான் போனில் எடுத்த படம் காட்டிய பிறகுதான் சரி என்றார்கள். ப்ளோயர் இரவிலும் ஓடியது. அந்தப் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். அம்மோனியா இறங்க மூன்று வாரம் ஆனது. வெயிலில் வீரியம் போகும் ஹைப்போ கேன்களை நிழலுக்கு மாற்றினோம். குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்துத்தான் தோட்டத்து மோட்டாரைப் போடுவது என்று வைத்தோம். ஸ்பிரிங்க்ளரைக் கழற்றிவிட்டுச் சொட்டுக் குழாய் போட்டோம்; குழந்தைகளுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

அடுத்த ரிப்போர்ட் 240. அதற்கடுத்து 23. இப்போது பெரும்பாலும் 2க்கும் கீழ். மாதம் ஒருமுறை சாம்பிள் எடுக்கும்போது ஆபரேட்டர் தம்பியே கூட நிற்கிறார். போன மாதம் பாட்டிலை அலசப் போன ஒருவரைத் தடுத்துவிட்டு, எனக்குப் போன் செய்தார்.

குடற்புழு முட்டைக்குக் குளோரின் ஒன்றும் செய்யாது. கோலிஃபார்ம் இல்லை என்பதால் முட்டையும் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அதை இன்னும் நாங்கள் செய்யவில்லை. அதுவரை பின்பக்கத்துக் கீரைப் பாத்திக்கு மட்டும் லாரித் தண்ணீர்தான்.