ஒட்டுப் போட்ட சேலை

தாது வருஷப் பஞ்சத்தை வைத்து ஒரு இசை நாடகம், கோயம்புத்தூரில் மேடையேறியது, உடை என் பொறுப்பு. 1876 முதல் 1878 வரை நம் பக்கம் ஜனங்கள் பட்டபாடுதான் கதை. நாள் முழுக்க மண் சுமந்தால் ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் கிடைத்த நிவாரண வேலையில்தான் இரண்டாம் பாதி நடக்கும்.

முதலில் தப்பாகத்தான் செய்தேன். ஈரோடு சந்தையில் காடாத் துணி எடுத்து, டீத்தண்ணியில் முக்கி (வெள்ளையை அப்படியே விட்டால் மேடை வெளிச்சத்தில் கண் கூசும்), ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அங்கங்கே கிழித்தும் விட்டேன். திண்ணையில் காயப்போட்டிருந்ததை அமுச்சி (அம்மாவின் அம்மா) கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏங்கண்ணு, இருக்கறதே ஒரு சேலை, அதையும் கிழிய உட்டுட்டு என்னத்தக் கட்டுவா? ஒட்டுப் போட மாட்டாளா?”

அத்தனையையும் திரும்பச் செய்தேன். கிழிசல் இருந்த இடமெல்லாம் ஒட்டு, ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு, கையாலேயே தைத்தது. ரசாயனத்தில் செய்த அவுரி நீலம் விற்பனைக்கு வந்ததே 1897ல்தான் என்பதால் நீலத்துக்கு அவுரிச் செடியின் சாயம். கடுக்காய்த் தண்ணியில் ஊறிய துணியைத் துரு ஆணி ஊறிய தண்ணியில் முக்கியபோது வந்த சாம்பல் கறுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

பசியை எப்படிக் காட்டுவது? ஆடிப் பாடுகிறவர்கள் நன்றாகச் சாப்பிட்டே ஆகவேண்டும். வெள்ளி நகையெல்லாம் விற்றபின் மிஞ்சுவது கண்ணாடி வளையல்தானே, அதை மூன்று அளவில் வாங்கினேன், மணிக்கட்டில் நின்றது கடைசிக் காட்சியில் கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடும். சாவை எண்ணிச் சொல்லப் பாட்டில் வரி இல்லை. நம் பக்கம் புருஷன் போனவளுக்கு வெள்ளைச் சேலை என்பதால், கோரஸில் பாட்டுக்குப் பாட்டு ஒரு வெள்ளை கூடியது. ஒரு பாட்டு முடிவதற்குள் மாற்ற வேண்டுமே, பின்கொசுவத்தை (சேலையின் பின்பக்க மடிப்பு) முன்கூட்டியே மடித்துத் தைத்து வைத்தோம்.

நாயகியின் கடைசிச் சேலையில், இடுப்புக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு ஒட்டு. முதல் காட்சியில் அவள் குழந்தை போட்டிருந்த பாவாடைத் துணி அது. முன்வரிசைக்குக்கூடத் தெரிந்திருக்காது. பாடியவரிடம் மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கடைசிப் பாட்டில் அவர் கை அந்த ஒட்டைத் தேடிப் போனது.