தங்கச்சி கேட்ட பழைய கோயில்

கல்யாணம் பேசி முடித்ததும் தங்கச்சி வைத்தது ஒரே நிபந்தனை: பழைய கோயிலாக இருக்க வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் பகுதிக்கான பங்குக் கோயிலை இடித்துக் கட்டி ரொம்ப வருஷம் ஆகவில்லை, பீடத்துக்குப் பின்னால் குளியலறை டைல்ஸ் மாதிரி ஒரு சுவர், அதற்கு முன்னால் நின்று தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நீ புதுநன்மை வாங்கினதே இங்கதானடி" என்று, அவள் முதல் நற்கருணை வாங்கிய நாளை நினைத்து அம்மாவுக்கு வருத்தம்.

தினமும் வாட்ஸப்பில் படமாக அனுப்புவாள். மணப்பாடு சிலுவைக் கோயில், 1581, கடலோரக் குன்றின் மேல். பார்க்க அள்ளிக்கொண்டு போகிறது, ஆனால் மூட்டுவலிக்கார அப்பத்தாவை யார் தூக்கிக்கொண்டு ஏறுவது? புதுச்சேரி கப்ஸ் கோயில், 1855. மாப்பிள்ளை திண்டுக்கல் பக்கம், நாங்கள் மதுரை, இரண்டு பஸ் ஜனத்தை அங்கே ஏற்றிப்போக யாருக்கும் தெம்பு இல்லை. மயிலாப்பூர் லஸ் கோயிலும் அப்படியே கழன்றது. கடைசியில் சித்தப்பாதான், "பக்கத்துல இடைக்காட்டூரை வச்சுக்கிட்டு எதுக்குடா ஊர் ஊரா தேடுறீங்க?" என்றார்.

மானாமதுரை ரோட்டில் போய் முத்தனேந்தலில் திரும்ப வேண்டும், மதுரையிலிருந்து முக்கால் மணி நேரம். கருவேல மரங்களுக்கு நடுவில் திடீரென்று கூர்கூராக ஒரு பிரெஞ்சுக் கோயில். திருஇருதய ஆண்டவர் கோயில், 1894-இல் பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுச் சாமியார் கட்டியது, பிரான்சில் இருக்கும் ரீம்ஸ் பேராலயம்தான் மாதிரி. இதற்கென்றே தனித்தனி அச்சு செய்து சுமார் 200 வகைச் செங்கல் அறுத்தார்களாம். சித்தப்பா கட்டட மேஸ்திரி. தங்கச்சி செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, இவர் தூணுக்குத் தூண் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், வளைவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். "வளைவை உளியால கொத்தல பாரு, செங்கலே வளைஞ்சு வந்திருக்கு. இன்னைக்கு எவன்டா இப்படி அறுப்பான்?" என்றார். கோயில் முடிவானது அங்கேதான், அவள் செல்ஃபியால் அல்ல.

சரி, இனி வேலை. நாங்கள் செய்த பெரிய தப்பு, மதுரையில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுத்தான் இடைக்காட்டூர் ஃபாதரைப் பார்க்கப் போனது. அந்தத் தேதியில் வேறொரு கல்யாணம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அப்புறம் நாள் தேடினால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கூடாது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தில் கூடாது. இது கோயில் கணக்கு. வீட்டுக் கணக்கு தனி: ஆடி வேண்டாம், மார்கழி வேண்டாம். வேதக்காரர்களுக்கு ஏது ஆடி என்று அப்பாவிடம் கேட்டேன், "நாலு பேர் பேசுவாங்க" என்றார், அதற்கு மேல் வாதமில்லை. ஈஸ்டர் முடிந்து மே மாதம் கிடைத்தது. மண்டபக்காரர் தேதியை மாற்றிக்கொடுக்கப் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்.

அழகான கோயிலைப் பார்த்தால் மண்டபம் மாதிரி புக் பண்ணிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், கல்யாணம் நடக்க வேண்டியது பெண்ணோ மாப்பிள்ளையோ இருக்கும் பங்கில்தான். வெளியே நடத்த உங்கள் பங்குத்தந்தை அனுமதிக் கடிதம் தர வேண்டும். சந்தா பாக்கி இருந்தால் அதை அன்றுதான் ஞாபகப்படுத்துவார்கள். ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பை, மூன்று ஞாயிறும் நம் பங்கிலும் மாப்பிள்ளை பங்கிலும்தான் வாசிப்பார்கள். திருமணத் தயாரிப்புப் பயிற்சி மூன்று நாள், பெங்களூரில் லீவு கேட்டபோது தங்கச்சியின் மேனேஜருக்கு அது என்ன கோர்ஸ் என்று கடைசிவரை புரியவில்லை.

என்னை நிஜமாக அலையவிட்டது ஞானஸ்நான சர்டிபிகேட். பீரோவில் லேமினேட் பண்ணி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு கம்பீரமாகப் போனேன், செல்லாது என்றார்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்த புது நகல் வேண்டும். காரணம் நியாயமானதுதான். எங்கே கல்யாணம் நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் போய், அங்குள்ள பதிவேட்டில் அதைக் குறித்து வைப்பார்கள். புது நகலில் அந்தக் குறிப்பு இல்லையென்றால் ஆள் இன்னும் கல்யாணம் ஆகாதவர். தங்கச்சிக்கு ஞானஸ்நானம் நடந்தது அப்பா முன்பு வேலை பார்த்த ஊரில், மதுரையிலிருந்து ஆறு மணி நேரம். முதல் தடவை போனேன், ஃபாதர் தியானத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவையும் அவர் இல்லை, ஆனால் கையெழுத்துப் போட்டு வைத்திருந்ததை, கோயில் வேலைகளில் அவருக்கு உதவும் உபதேசியார் எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறேன், பேருக்கு முன்னால் 'ஆரோக்கிய' என்று ஒன்று இருக்கிறது. ஆதாரில் அது கிடையாது. அம்மாவின் வேளாங்கண்ணி நேர்ச்சையாம், இருபத்தேழு வருஷமாக யாருக்கும் ஞாபகமில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று எங்கள் பங்குத்தந்தை ஒரு கடிதம் எழுதிக் கொடுத்ததால் தப்பித்தோம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அலங்காரக்காரர் கூடை கூடையாகப் பூவோடு வந்தார். கூடவே ஆணிப் பெட்டி. வாசலிலேயே சித்தப்பா அதைப் பிடுங்கித் தன் வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பூவையெல்லாம் பெஞ்சு ஓரத்தில் நூலால்தான் கட்டினோம். மறுநாள் பூசையில் பாதிப்பேர் பீடத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே மாத வெயிலில் பட்டுச்சேலைக்காரர்கள் எல்லாம் ஃபேனுக்கு நேர் கீழே நகர்ந்துகொண்டே இருந்ததில் வீடியோவில் ஒரு பக்கம் காலியாகத் தெரிகிறது.

பதிவேட்டில் கையெழுத்தானதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அரசாங்கப் பதிவு பாக்கி, 90 நாளுக்குள் செய்ய வேண்டும், அதை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். ஞானஸ்நானக் கோயிலுக்குப் போக வேண்டிய தகவல் சீட்டைத் தபாலில் அனுப்பிவிடலாம்தான், எனக்கு நம்பிக்கை இல்லை, நானே கொண்டுபோனேன். உபதேசியார் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பழைய பதிவேட்டை எடுத்து, 'ஆரோக்கிய' என்று தொடங்கும் அந்த வரிக்குப் பக்கத்து ஓரத்தில் இடைக்காட்டூர் என்றும் தேதியும் எழுதினார். அன்றைக்கு ஃபாதர் இருந்தார்.