தரவைத் திறப்பதற்கு முன் ஒரு பிரார்த்தனை

மருத்துவக் கருவி செய்கிறோம் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "எப்போது விற்பனைக்கு வரும்?" செயலி எழுதும் நண்பர்கள் இன்று எழுதியதை நாளையே வெளியிட்டு, பிழை இருந்தால் அப்புறம் திருத்திக்கொள்கிறார்கள். எங்களால் அது முடியாது. பச்சிளங்குழந்தையின் பாதத்தில் ஒட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று இரவும் பகலும் கவனிக்கும் சென்சார் எங்களுடையது. தரச் சான்று, நெறிமுறைக் குழு, மருத்துவமனைச் சோதனை, அரசு அனுமதி என்று எல்லாம் முடியும்வரை ஒரு காசு வருமானம் கிடையாது.

காகித வேலையைக்கூடச் சமாளித்துவிடலாம். எங்களை அதிகம் அலைக்கழித்தது அந்தச் சின்னப் பாதம்தான்.

எங்கள் சென்சார் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர்தான், ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று ஒளியால் அளக்கும் கருவி. அது வேலை செய்யும் விதம் எளிமையானது. 660 நானோமீட்டரில் சிவப்பு ஒளி, 940-ல் அகச்சிவப்பு ஒளி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இந்த இரண்டையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தமனியில் ரத்தம் கூடிக் குறைய, சென்சாருக்கு வரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை இரண்டு நிறத்திலும் ஒப்பிட்டால் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். பெரியவர் விரலில் மாட்டினால் அலை அழகாக வரும். குறைமாதக் குழந்தையின் பாதம் என் கட்டைவிரல் நீளம்தான். அது சில்லென்று இருந்தால் அலை மெலிந்து கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும். குழந்தை காலை உதைத்தாலோ, திரை முழுக்கத் தாறுமாறான மேடு பள்ளம். அதில் துடிப்பு எது, உதை எது என்று பிரிக்க முடியாது. கருவி குழம்பி அலாரம் அடிக்கும். நர்ஸ் ஓடி வந்து பார்ப்பார். குழந்தை நன்றாகத்தான் இருக்கும்.

எங்கள் முதல் மாதிரியைப் பார்த்த மூத்த நர்ஸ் ஒருவர் சொன்னார்: "தம்பி, இது சும்மா சும்மா கத்துச்சுன்னா, ஒரு கட்டத்துல நாங்க திரும்பிப் பார்க்கிறதையே விட்டுடுவோம். நிஜமா மூச்சு நிக்கிறப்போ என்ன பண்றது?" பெரிய பெரிய ஆலோசகர்கள் சொன்னதை எல்லாம் விட எனக்கு உதவியது இந்தப் பேச்சுதான்.

அந்தச் சமயத்தில் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. ஒரு முதலீட்டாளர் வழி சொன்னார்: குழந்தைகளை விட்டுவிடுங்கள், இதையே உடற்பயிற்சி செய்பவர்களுக்கான கைப்பட்டையாக மாற்றுங்கள், அனுமதித் தொல்லை இருக்காது, பணம் தருகிறேன். அவர் கணக்கில் தவறில்லை. ஆனால் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நின்று பார்த்த பிறகு எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்தோம். நல்ல திறமைசாலிகள் சிலர் குடும்பச் சூழ்நிலையால் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்கள் மீது எனக்கு இன்றும் ஒரு வருத்தமும் கிடையாது.

அந்த நாட்களில் என்னைத் தாங்கிய ஒரு வரலாறு, ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகியுடையது. நிஹான் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் அவர் அளக்க நினைத்தது ஆக்சிஜனையே அல்ல. சாயத்தை ரத்தத்தில் செலுத்தி, காது வழியாக ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று கணக்கிடப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அதை நீக்க முயன்றபோதுதான், தொந்தரவு என்று நினைத்த அந்தத் துடிப்புக்குள்ளேயே ஆக்சிஜன் அளவு ஒளிந்திருப்பதைக் கண்டார். 1974-ல் அதை அறிவித்தார். முதலில் பெரிய வரவேற்பு இல்லை. 1980-களில்தான் அறுவை அரங்குகளில் அது பரவியது. 2020 ஏப்ரலில் அவர் இறந்தபோது, அதே கருவியை உலகமே விரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைப் படித்த பிறகு நாங்களும் உதையைத் துரத்துவதை விட்டுவிட்டு, அதையே அளக்க ஆரம்பித்தோம். பாதத்துச் சென்சாருக்குள் ஒரு குட்டி அசைவுமானி. உதை வந்த நொடி எது என்று தெரிந்தால், அந்த நொடியின் அலையை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிகிறது. வீண் அலாரம் கண்கூடாகக் குறைந்தது.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். ஆனால் இந்தத் துறையில் நம்பிக்கை ஆபத்தாகவும் முடியும். அமெரிக்காவின் தெரானோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் விடாமுயற்சிக்கு என்ன குறை? சில துளி ரத்தத்தில் எல்லாச் சோதனையும் செய்யலாம் என்று நம்ப வைத்தார்கள். நோயாளிகள் கைக்குத் தப்பான முடிவுகள் போயின. முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக நிறுவனர் 2022 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதனால் 'கருவி ஜெயிக்கட்டும்' என்று நான் வேண்டுவதில்லை. 'எது வந்தாலும் அதை அப்படியே பார்க்கிற மனதைக் கொடு' என்றுதான் வேண்டுகிறேன்.

ஆரோக்கியமான பெரியவர்களை மருத்துவக் கண்காணிப்பில் ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனி ரத்தத்தோடு எங்கள் எண்ணை ஒப்பிட்ட தரவைத் திறந்த அன்றும் அப்படித்தான் வேண்டினேன். என் கூட்டாளியான டாக்டர் அக்காவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. நான் கண்ணைத் திறக்கும்வரை அவர் கோப்பைத் திறக்காமல் காத்திருந்தார். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரநிலைப்படி, ரத்த ஆக்சிஜன் அளவு 70 முதல் 100 சதவீதம் வரை இருக்கும்போது பிழை 4 புள்ளிக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு மேல்பகுதி நன்றாக வந்தது. 80-க்குக் கீழே, ரத்தத்தில் இருந்ததைவிட அதிகமாகக் காட்டியது. குழந்தை திணறும்போது 'பரவாயில்லை' என்று சொல்லும் கருவி! "ஒத்துவராத ஆட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமே" என்று ஒருவர் யோசனை சொன்னார். அக்கா பதில் சொல்லாமல், சென்சாரில் ஒளி தரும் எல்இடி விளக்குகளின் பட்டியலை எடுத்தார். அந்தத் தொகுதியில் சிவப்பு ஒளியின் அலைநீளம் சில நானோமீட்டர் தள்ளியிருந்தது. எல்லாவற்றையும் மாற்றினோம், சோதனையை மறுபடி நடத்தினோம், எல்லைக்குள் வந்தது.

இப்போது இன்னொரு தாமதம், இது நாங்களே தேர்ந்தது. சரும நிறம் அடர்த்தியாக இருந்தால் ஆக்சிமீட்டர்கள் தவறலாம். கருவி கண்டுகொள்ளாத ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததாக 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால் அடுத்த சோதனையில் கருநிறத் தன்னார்வலர்களை விதி கேட்பதைவிட அதிகமாகச் சேர்க்கிறோம். ஆட்களைத் திரட்டவே மாதங்கள் ஆகும். "அதற்குள் போட்டியாளர் முந்திவிட்டால்?" என்று இப்போதைய முதலீட்டாளர் கேட்டார். அவர்கள் கருவி நன்றாக இருந்தால் அந்த வார்டுக்கு நானே சிபாரிசு செய்வேன், எங்கள் சோதனை இந்தத் திட்டப்படிதான் நடக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டார்.