எந்தக் கோப்புக்கு எந்த டிரைவ்

என்னுடைய முந்தைய கணினியை நானே உறுப்பு உறுப்பாக வாங்கிப் பொருத்தியபோது, பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மூன்று வாரம் செலவிட்டேன். சேமிப்பு டிரைவை அரை மணி நேரத்தில் முடிவு செய்தேன். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த வேகத்தையும் கொள்ளளவையும் மட்டும் பார்த்து மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வடிவத்தில் 2 டெராபைட் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிரைவ்) ஒன்றை வாங்கி, இயங்குதளம் முதல் குடும்பப் படங்கள் வரை அனைத்தையும் அதிலேயே வைத்தேன். அது ஏறத்தாழப் பாதி நிரம்பியிருந்த ஒருநாள், 400 ஜிபி காணொளிகளை வெளி எஸ்எஸ்டி ஒன்றிலிருந்து அதற்கு நகலெடுத்தேன். முதல் இரண்டு நிமிடம் நொடிக்கு 900 எம்பி வேகத்தில் சென்றது, பிறகு 90 எம்பிக்கு இறங்கிவிட, மீதியை முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றே அதைவிட விரைவாக எழுதியிருக்கும்.

டிரைவில் பழுது ஏதும் இல்லை. அது கியூஎல்சி வகையைச் சேர்ந்தது என்பதுதான் காரணம். எஸ்எஸ்டியின் நினைவக செல் ஒன்றில் ஒரு பிட் மட்டும் வைத்தால் இரண்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். டிஎல்சியில் மூன்று பிட் என்பதால் 8 நிலைகள், கியூஎல்சியில் நான்கு பிட் என்பதால் 16 நிலைகள் தேவைப்படுகின்றன. நிலைகள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றையும் மிகத் துல்லியமாக எழுத வேண்டியிருப்பதால் நேரம் கூடுகிறது, செல்லும் விரைவில் தேய்கிறது. இந்தத் தாமதம் வெளியே தெரியாமலிருக்க, காலியாக உள்ள செல்களில் ஒரு பகுதியை ஒரு பிட் செல்களைப் போலப் பயன்படுத்தி, வருவதை முதலில் அங்கே வேகமாக எழுதிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றிக்கொள்கிறது டிரைவ். பெட்டியில் அச்சிடப்படும் வேகம் இந்த முன்பகுதியின் வேகம். டிரைவ் நிரம்ப நிரம்ப இந்த முன்பகுதி சுருங்கும். அது தீர்ந்த பின் தெரிவதே அந்த செல்களின் உண்மையான வேகம்.

ஆகவே இம்முறை புதிய கணினிக்கு உறுப்புகள் தேடத் தொடங்குமுன், என்னிடம் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்பதைத் தாளில் எழுதினேன். இயங்குதளம், மென்பொருள்கள், அன்றாடம் திறந்து வேலை செய்யும் கோப்புகள் எல்லாம் சேர்ந்து 700 ஜிபிக்குள் அடங்கின. முடித்து வைத்த காணொளிகளும் ஒலிப்பதிவுகளும் 5 டெராபைட் இருந்தன. இவற்றை மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் அதிகம். இந்த இரண்டுக்குள்ளும் சிதறிக் கிடந்த, இழந்தால் எந்த விலை கொடுத்தும் திரும்பப் பெற முடியாத படங்களையும் எழுத்துகளையும் தனியே கூட்டிப் பார்த்தபோது 600 ஜிபி வந்தது. இந்த மூன்று எண்களும் கைக்கு வந்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது: அன்றாட வேலைக்கு 2 டெராபைட் டிஎல்சி எஸ்எஸ்டி, கிடங்குக்கு 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க், இழக்கக் கூடாதவற்றின் நகலுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். கொள்ளளவைக் கணக்கிடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் டெராபைட்டை ஆயிரத்தின் அடுக்குகளாகவும், விண்டோஸ் 1,024இன் அடுக்குகளாகவும் எண்ணுவதால், 1 டெராபைட் டிரைவ் திரையில் 931 ஜிபி என்றும், 8 டெராபைட் டிரைவ் ஏறத்தாழ 7.27 டெராபைட் என்றும் காட்டும்.

எஸ்எஸ்டியில் எந்தத் தலைமுறையை வாங்குவது என்பதில்தான் பலரும் தேவைக்கு மேல் செலவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் இயங்கும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான இணைப்பு வழியே பேசும் என்விஎம்இ வகை டிரைவ்களில் மூன்றாம் தலைமுறை 3,500, நான்காம் தலைமுறை 7,000, ஐந்தாம் தலைமுறை 14,000 எம்பி வரை எட்டுகின்றன. ஆனால் இவை பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் எண்கள். கணினி தொடங்குவதும் மென்பொருள் திறப்பதும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கும் இங்குமாகப் படிக்கும் வேலை. அந்த வேலையில் நல்ல என்விஎம்இ டிரைவ்கூட நொடிக்குச் சில பத்து எம்பி அளவிலேயே இயங்குகிறது, தலைமுறைக்குத் தலைமுறை வேறுபாடும் சிறியதே. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலோ ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. தேவையான இடம், படித்து எழுதும் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, ஊசி நகர அதற்கும் மேல் என்று சேர்த்தால் நொடிக்கு நூறு துண்டுகளைப் படிப்பதே கடினம். எம்பி கணக்கில் அது ஒன்றைக்கூட எட்டாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் கணினியே புதிதானதுபோல் தோன்றுவதற்கும், நான்காம் தலைமுறையிலிருந்து ஐந்தாவதற்கு மாறினால் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாமல் போவதற்கும் காரணம் இதுதான். நான் நடுத்தர வேகமுள்ள நான்காம் தலைமுறை டிரைவையே எடுத்தேன். மிஞ்சிய தொகை வெளி டிரைவுக்குப் போயிற்று.

கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனம் வந்தது ஒன்றே ஒன்றுக்கு: டிரைவுக்குள்ளேயே டிரேம் என்ற வேகமான நினைவகச் சில்லு இருப்பதற்கு. எந்தக் கோப்பு எந்த செல்களில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அட்டவணைக்கு ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ 1 ஜிபி நினைவகம் தேவை. டிரேம் இல்லாத என்விஎம்இ டிரைவ்கள் கணினியின் ரேமில் சிறு பகுதியைக் கடன் வாங்கிச் சமாளிக்கின்றன. சாதாரணப் பயன்பாட்டுக்கு அது போதும். பெரிய காணொளிகளை மணிக்கணக்கில் எழுதும் எனக்கு அது போதவில்லை.

ஆயுளைப் பற்றிய அச்சம் வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் வேண்டாதது. 1 டெராபைட் டிஎல்சி டிரைவ்கள் பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் நாள்தோறும் 328 ஜிபி எழுத வேண்டும். காணொளி வேலையெல்லாம் சேர்ந்தும் என் பழைய டிரைவில் மூன்று ஆண்டுகளில் எழுதப்பட்டது 21 டெராபைட்தான்.

வாங்குவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டைத் திறந்து எம்.2 பொருத்துவாய்களைப் பற்றிய பக்கத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஒரே வடிவத்தில், 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமாக, சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. எல்லாப் பொருத்துவாயும் இரண்டையும் ஏற்பதில்லை. சில போர்டுகளில் இரண்டாம் எம்.2 வாயில் டிரைவைச் செருகினால் குறிப்பிட்ட சாட்டா வாய்கள் செயலிழந்துவிடும். எனக்கு நேர்ந்தது அதுவே. பழைய எஸ்எஸ்டியை இரண்டாம் வாயில் செருகியதும் புதிய ஹார்ட் டிஸ்க் பயாஸில் (கணினி தொடங்கும்போது உறுப்புகளைச் சரிபார்க்கும் மென்பொருளில்) காணாமல் போனது, டிரைவ்தான் செத்துவிட்டது என்று நம்பி ஒரு மாலைப்பொழுதைக் கழித்த பிறகே கையேட்டின் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. கேபிளை வேறு வாய்க்கு மாற்றியதும் டிரைவ் வந்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க்கில் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி பெட்டியில் பெரும்பாலும் இருப்பதில்லை. எழுதும் ஊசியின் அகலம் படிப்பதற்குத் தேவையான அகலத்தைவிட அதிகம் என்பதால், கூரைக்கு ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடத்தைப் படியவைத்து இடத்தை மிச்சப்படுத்தும் முறை ஒன்று உண்டு. அதை எஸ்எம்ஆர் என்பார்கள். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதற்கு மேலுள்ளவற்றையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதுபோல, அதில் சிறு திருத்தம் செய்தாலும் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத நேர்கிறது. தடங்கள் மேற்படியாத வழக்கமான முறை சிஎம்ஆர். பல மாடல்கள் எஸ்எம்ஆர் என்று அறிவிக்கப்படாமலே விற்கப்பட்டது 2020இல் வெளியே வந்து பெரும் அதிருப்தியைக் கிளப்பியது; அதன் பிறகுதான் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா ஆகிய மூன்று தயாரிப்பாளர்களும் எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலை வெளியிட்டார்கள். ஒருமுறை எழுதிவிட்டுப் படிக்க மட்டும் செய்யும் கோப்புகளுக்கு எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும். அடிக்கடி அழித்து எழுதும் என் கிடங்குக்குத் தயாரிப்பாளரின் தகவல் தாளில் சிஎம்ஆர் என்று உறுதி செய்துகொண்டே வாங்கினேன். வந்த டிரைவில் கோப்பு எதையும் வைக்குமுன் முழுப் பரப்பிலும் எழுதித் திரும்பப் படித்துச் சோதித்தேன். எழுத ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம், படிக்க மேலும் அவ்வளவு ஆனது. பழுதான டிரைவ் என்றால் கடைக்காரர் மாற்றித் தரும் காலத்துக்குள்ளேயே அது தெரிந்துவிடும்.

இரண்டு வகையும் சாகும் விதம் வேறு. ஹார்ட் டிஸ்க் பல நேரங்களில் முன்கூட்டியே அறிகுறி காட்டும். டிரைவ் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தட்டிலுள்ள சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை ஏறும், படிப்பதில் தடங்கல் வரும், சத்தம் மாறும். எஸ்எஸ்டியோ கட்டுப்பாட்டுச் சில்லு பழுதானால் ஒரு காலையில் சொல்லாமலே மறைந்துவிடும். நீக்கிய கோப்பின் இடத்தை டிரிம் கட்டளை விடுவித்த பிறகு மீட்பு மென்பொருளாலும் பயன் இல்லை. மின்சாரமின்றி அலமாரியில் கிடக்கும் எஸ்எஸ்டியை நீண்ட காலக் காப்பகமாக நம்பவும் கூடாது. உத்தரவாத அளவு முழுதும் எழுதித் தேய்ந்த வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்றே, நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை கேட்கிறது. வெளி நகலுக்கு நான் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். இரண்டு டிரைவ்களை, ஒரே தரவை இரண்டிலும் ஒருசேர எழுதும் ரெய்டு 1 முறையில் இணைத்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது ஒரு டிரைவ் பழுதானால் காக்கும். நாம் தவறி அழித்தாலோ, தீம்பொருள் ஒன்று கோப்புகளைப் பூட்டினாலோ, அந்த மாற்றம் இரண்டிலும் அதே கணத்தில் நிகழ்ந்துவிடும். தனியே கழற்றி வைத்த நகல்தான் அப்போது உதவும்.

கணினி இயங்கத் தொடங்கிய அன்றிரவே அந்த 600 ஜிபியையும் வெளி டிரைவுக்கு நகலெடுத்தேன். பல்லாயிரம் சிறு படங்கள் இருந்ததால் மூன்று மணி நேரம் ஆனது. முடிந்ததும் வேறு வேறு கோப்புறைகளிலிருந்து பத்துக் கோப்புகளை அந்த டிரைவிலிருந்தே திறந்து பார்த்து, எல்லாம் திறக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு, கேபிளைக் கழற்றி, டிரைவின்மேல் அன்றைய தேதியை எழுதி ஒட்டி வேறோர் அறையில் வைத்தேன்.