சரளைக்கல் என்று நினைத்தது

கால்நடை ஆய்வாளராகக் கடலூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், மேய்க்கால் புறம்போக்கு என்ற ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் எனக்குத் தடுப்பூசி போட ஆடுகளை மடக்கும் வெளி, அவ்வளவுதான். கோழியைத் தவிர வேறு பறவையைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. பறவை பார்ப்பவர்களும் புதுச்சேரி அரசு 2008-இல் சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரிக்குத்தான் போவார்கள். செம்மண் மேட்டுக்கு யார் வருவார்கள்?

ஒரு சித்திரைக் காலையில், கேப்பர் மலைப் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேலே விடாமல் கத்தியது. கிடைக்காரப் பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், இன்னும் ஓர் அடி வைத்தால் முட்டை."

எனக்குச் சரளைக்கல்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தபின்தான் தரையில் சிறு பள்ளமும் அதில் 4 முட்டைகளும் புலப்பட்டன. சுற்றிலும் காரைமுள்ளை ஒடித்துப் போட்டிருந்தார். மந்தை அதைத் தொடாமல் இரண்டாகப் பிரிந்து போனது. அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பொரித்த குஞ்சு அன்றே ஓடத் தொடங்கிவிடும். "அதுவரைக்கும் இந்த முள் போதும்" என்றார்.

சில ஆண்டுகள் கழித்து, பறவைகளைக் காப்பதற்கென்றே அந்த மேட்டின் ஒரு பகுதிக்கு ஓர் அலுவலகம் கம்பிவேலி போட்டது. ஆடுகளுக்கு அனுமதியில்லை. பரிந்துரையில் என் கையெழுத்தும் உண்டு. முதல் மழைக்குக் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. கௌதாரிச் சத்தம் கூடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஆள்காட்டியும் வானம்பாடியும் நெட்டைக்காலியும் வேலிக்கு வெளியே போய்விட்டன. எதிரி வருவது தெரிகிற கட்டைப்புல் தரைதான் அவற்றுக்கு வேண்டும். மூன்றாம் ஆண்டில் உள்ளே வேலிக்காத்தான் என்ற சீமைக்கருவேலக் கன்றுகள். விதையைப் புழுக்கையில் கொண்டுவந்து சேர்த்தவை பழைய ஆடுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் விறகுக்கு வெட்ட வந்த பெண்களையும் அல்லவா நாங்கள் வெளியே நிறுத்திவிட்டோம்!

பிறகு பெரியவரைக் கேட்டு இடத்தை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பகுதியை ஐப்பசி மழையிலிருந்து புல் விதை உதிரும்வரை மூடி வைப்பது, மற்ற இரண்டிலும் மேய்ப்பது, அடுத்த ஆண்டு மாற்றுவது. பங்குனி முதல் ஆடி வரை முட்டையிடும் தரையில் இரவுக்கிடை கூடாது. இருட்டில் குளம்புக்குக் கண் இல்லை. கௌதாரிக்காகச் சூரைப் புதர்களை வெட்டாமல் விட்டோம். குடற்புழு மருந்து கொடுத்த ஆடுமாடுகளைச் சில நாள் அங்கே விடுவதில்லை. ஐவர்மெக்டின் என்ற அந்த மருந்து சாணத்தில் இறங்கி வண்டுப் புழுக்களைக் கொன்றுவிடும். அவற்றைக் கிளறித் தின்னும் கொண்டலாத்திப் பறவைக்கு என்ன மிஞ்சும்? இத்தனை ஆண்டுகள் அந்த மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

ஆள்காட்டி இரண்டாம் கோடையில் திரும்பியது. பெரியவரின் மகன் இப்போது சிப்காட்டில் வேலை பார்க்கிறார். மந்தையில் 40 ஆடுகள்கூட இல்லை. மூன்றாவது பகுதியில் புல் மறுபடியும் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.